வேப்பமரத்து ஹாரனும் ஒரு ஞானப்பாட்டும்

காரைக்குடியில் ஒரு ரேடியோ கடையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ரேடியோ ரிப்பேர் ஒரு பக்கம், கல்யாணம் காதுகுத்துக்கு மைக் செட் வாடகை இன்னொரு பக்கம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று நான் சொன்னதில்லை. மைக்கை விரலால் இரண்டு தட்டு தட்டுவேன், ஒரு ஊது ஊதுவேன், அவ்வளவுதான். குன்றக்குடி மலைக்குக் காவடி வருகிற நாளில் ஒரு பிள்ளை காணாமல் போனபோது அதன் பெயரை மைக்கில் சொல்ல வேண்டி வந்தது. பிள்ளையின் தகப்பனையே கூட்டி வந்து மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்படிப்பட்ட கூச்சம். பிறந்ததிலிருந்தே உண்டு.

நெற்குப்பைப் பக்கம் எங்கள் ஊர். எட்டாவது வரைக்கும் படித்தேன். சங்கீதம் படித்ததில்லை. ஆனால் கோவில் கோவிலாக மைக் கட்டியதில் நல்ல நாதஸ்வரம் நிறையக் கேட்டிருக்கிறேன். சினிமாப் பாட்டு சொல்லவே வேண்டாம். ஆகவே காது கொஞ்சம் பழகிய காதுதான். அந்தக் காதை ஒரு இசைத்தட்டு என்ன செய்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் கடைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. ஊருக்கு வெளியே இருந்த சின்ன லுத்தரன் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கால் ஆர்மோனியம் வாசிப்பவர் அவர்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். பீரோ மாதிரி உயரமாக இருக்கும் பெட்டி அது. கீழே இரண்டு மிதிகட்டை. கால் மிதித்தால் துருத்தி காற்றடிக்கும், கை வாசிக்கும்.

சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து மேஜையில் வைத்தார். பெரிய எல்.பி. ரிக்கார்டு. அட்டையில் ஒரு கோவில் சுவர் முழுக்க ஈயக் குழாய்கள், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு.

“அண்ணே, இது முப்பத்துமூணு ஸ்பீடு. எங்க போதகர் ஐயா வீட்டுல இருக்கிறது சாவி குடுக்கிற கிராமபோன் பெட்டி, அதுல ஓடாது. உங்ககிட்ட ஓடுமா?”

“ஓடும்.”

“ஊசி புதுசா போடுவீகளா? தேஞ்ச ஊசின்னா தட்டக் கீறிரும்.”

“போடுவேன்.”

நான் பேசியது அவ்வளவுதான். மீதியை அவரே சொன்னார். மிஷன் ஆஸ்பத்திரியில் முன்பு வேலை பார்த்த ஒரு ஜெர்மனி நர்ஸம்மா ஊருக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து அனுப்பியது இந்த ரிக்கார்டு. அவர்கள் சபையில் எல்லாரும் பாடுகிற ஒரு ஞானப்பாட்டு இருக்கிறது. முந்நூறு வருஷத்துக்கு மேலே பழைய மெட்டு. சவ அடக்கத்தில் கண்டிப்பாக அதைப் பாடுவார்கள். அந்த மெட்டை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் ஒருவர் குழாய் ஆர்கனுக்கென்று இருபது நிமிஷத்துக்கு ஒன்றைக் கட்டியிருக்கிறார். அவர் இறந்தே ஐம்பது வருஷம் இருக்கும். அதன் இசைநோட்டையும் நர்ஸம்மா போகும்போது கொடுத்துவிட்டுப் போயிருந்தார். டீச்சர் அதைப் பார்த்துப் பார்த்து, தன் பெட்டியில் வருகிற அளவுக்கு ஆறு வருஷமாக வாசித்து வந்தார். குழாயில் எப்படி இருக்கும் என்று கேட்டதில்லை.

“இப்ப என்ன அவசரம்னா…” என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். பிறகு சொன்னார். “கோவில் ஆர்மோனியப் பெட்டிய விக்கப் போறாக அண்ணே. மதுரையில ஒரு நாடகக் கம்பெனி கேட்டிருக்கு. துருத்தி கிழிஞ்சு மூச்சு வாங்குது, பாக்க ஆளில்ல. இந்தப் பாட்டெல்லாம் இழுவை, சாவுப்பாட்டு, கைப்பெட்டி ஆர்மோனியமும் தபலாவும் வாங்கிட்டா கலகலன்னு இருக்கும்னு கமிட்டி செயலாளர் சொல்றாரு. அறுப்புப் பண்டிகை அன்னைக்கு முடிவு பண்ணிருவாக.”

புது ஊசி இருந்த டப்பாவைத் தேடி எடுத்தேன்.

“அன்னைக்குக் காணிக்கைப் பொருள ஏலம் விடுறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் கேட்டு வாங்கிருக்கேன். இந்தப் பாட்டு எவ்வளவு பெருசுன்னு ஒரு தடவை கேட்டுட்டாகன்னா விக்க மனசு வராது. எனக்குப் பாடக் குரல் இல்லண்ணே. பெட்டி போயிருச்சுன்னா எனக்கு அங்க வேலை இல்ல. சும்மா வந்து உக்காந்துட்டுப் போகணும்.”

புது ஊசி மாட்டினேன். கடைக்குள் இருந்த பெட்டி ஸ்பீக்கரில் இணைப்பைக் கொடுத்துத் தட்டைச் சுழலவிட்டேன்.

ஒன்றும் வரவில்லை. கரகரவென்ற தட்டின் சத்தம் மட்டும். ஒயரைப் பிடித்து ஆட்டினேன். “வருது அண்ணே, நல்லாக் கேளுங்க” என்றார் டீச்சர். காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன். வந்துகொண்டுதான் இருந்தது. அடியில், மிக அடியில், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்பது மாதிரி. முதலாளி கல்லாவிலிருந்து, “ரிக்கார்டு தேஞ்சு போச்சப்பா, திருப்பிக் குடுத்துரு” என்றார்.

கொஞ்ச நேரம் போன பிறகுதான் மெட்டு தெரிந்தது. மேலே இரண்டு கையும் பின்னிப் பின்னி ஓடிக்கொண்டிருக்க, மெட்டு மட்டும் அடியில் நிதானமாக நடந்தது. அதைக் காலால் வாசிப்பார்கள் என்றும், குழாய் ஆர்கனில் காலுக்கென்றே தனிக் கட்டைகள் உண்டு என்றும் டீச்சர் சொன்னார். நாதஸ்வரக்காரர் எங்கெங்கோ போய் வரும்போதும் ஒத்துக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அடியில் நிற்கிறவரே பாட்டையும் சுமந்துகொண்டு நடக்கிறார். யாரும் பாடவில்லை. ஆனால் டீச்சர் நோட்டில் விரலை ஓட்டிக்கொண்டு, “இது ரெண்டாவது சரணம், இங்க பயம் வரும்” என்றார். வந்தது. “இது நாலாவது, இங்க அழுகை.” அதுவும் வந்தது. வார்த்தை இல்லாமலே எந்தச் சரணம் என்று தெரிகிற மாதிரி ஒரு மனிதர் கட்டி வைத்திருக்கிறார் என்றால் அவர் எப்படிப்பட்ட வேலைக்காரர்! கையில் இருந்த சால்டரிங் கம்பியை எப்போது கீழே வைத்தேன் என்று தெரியாது.

பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன முதலாளி, கடைக்குள்ள பேய் புகுந்துருச்சா? சினிமாவுல பங்களாவுல பேய் வாரப்ப இப்படித்தான் வாசிப்பான்.”

“பேய்க்குத்தான் வாடகைக்கு விட்டிருக்கேன். வெத்தல குடுத்துட்டுப் போ” என்றார் முதலாளி. ஆனால் ரிக்கார்டை நிறுத்தச் சொல்லவில்லை.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சேலைக்குக் கீழே அவர் கால் இரண்டும் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. தான் மிதிப்பதை நிறுத்தினால் தட்டும் நின்றுவிடும் என்கிற மாதிரி.

கால் மணி நேரம் ஓடியிருக்கும். கரண்ட் போய்விட்டது. சத்தம் குழைந்து இறங்கி நின்றது. பொழுது சாயும் வரைக்கும் வரவில்லை. டீச்சருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

“கடைசிப் பகுதி கேக்காமலே போச்சே. பரவாயில்ல, மீதிய பண்டிகையில கேட்டுக்குவோம். கடைசியில ரொம்பப் பெருசா வரும்ணே, நோட்டுல அப்படித்தான் போட்டிருக்கு.”

“நம்ம செட்டு தாங்கும் டீச்சர்” என்றேன். நான் அவரிடம் சொன்ன முழு வாக்கியம் அது ஒன்றுதான். அதுவும் தப்பாகப் போயிற்று.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. அன்று அரியக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது ஹாரன் ஒன்று. கோவில் வளாகத்து வேப்பமரத்தில் ஏணி வைத்து ஏறி, கிளையில் கட்டினேன். ஹாரனில் அடிச் சத்தம் வராது. தெரு தாண்டிக் கேட்கும், ஆனால் தவிலின் தொப்பிப் பக்கம்கூட அதில் பாதிதான் வரும். இது தெரிந்தும் அதைத்தான் கட்டினேன், வேறு வழியில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் பந்தலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஏலத்துக்கு வந்த பூசணிக்காய், வாழைத்தார், நெல் மூட்டை எல்லாம் முன்னால் குவிந்திருந்தன. முன் வரிசையில் ஒரு பெரியவர், தான் கொண்டுவந்த சேவலைக் கீழே விடாமல் கையிலேயே வைத்திருந்தார். செயலாளர் எழுந்து, “நம்ம டீச்சரம்மா ஒரு இங்கிலீசு ரிக்கார்டு போடச் சொல்றாக. இருபது நிமிஷம் பொறுத்துக்கங்க. சாப்பாடு எங்கயும் ஓடிறாது” என்றார். சிரிப்பு. டீச்சர், “ஜெர்மன்” என்று மெதுவாகத் திருத்தினார். யார் காதிலும் விழவில்லை.

ஊசியை வைத்தேன். வெட்டவெளியில் அந்தத் தொடக்கம் எங்கே கேட்கும்? அதோடு மெட்டே அடியில்தானே இருக்கிறது. ஹாரனிலிருந்து கொசு பறக்கிற மாதிரி ஏதோ வந்தது.

“ஏப்பா, சத்தமே இல்லையே!”

“ஊசிய வச்சாரா, இல்ல வைக்கப் போறாரா?”

“ரேடியோக்காரரே, தூங்கிட்டீகளா?”

மைக் செட் தொழிலில் எங்களுக்கு ஒரே ஒரு மானம்தான் உண்டு. சத்தம் போதவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சினிமா ரிக்கார்டு முதலில் எந்த அளவில் வருகிறதோ அதே அளவில்தான் கடைசிவரை ஓடும். முதலில் ஒரு தடவை குமிழைச் சரிபார்த்து வைத்துவிட்டால் மூன்று நிமிஷத்துக்குக் கவலை இல்லை. என் கை அதற்குத்தான் பழகியிருந்தது. குமிழைத் திருப்பினேன். டீச்சர் திரும்பிப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இன்னும் திருப்பினேன். கடைசியில் குமிழ் அதற்கு மேல் போகாத இடத்தில் வந்து நின்றது.

இப்போது ஓரளவுக்குக் கேட்டது. ஆனால் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து வேறு குறை வந்தது.

“எல்லாம் ஆம்பளையகளுக்கேவா? இங்குட்டுத் திருப்பச் சொல்லுங்க!”

இது எங்கள் ஊரில் எல்லா விசேஷத்திலும் வருகிற குறை. ஹாரன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்காகச் சம்பந்தி வீட்டார் பேசாமல் போன கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன். செயலாளர் மரத்தைக் காட்டி, “ஏறுங்கண்ணே, அங்குட்டுக் கொஞ்சம் சாச்சு விடுங்க” என்றார். சொன்னதும் ஏறினேன். குமிழைக் குறைக்கவில்லை. ஆம்ப்ளிபயர் பக்கத்தில் யாரையும் நிறுத்தவும் இல்லை.

கிளையில் கால் போட்டு உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கும்போது மேலே ஒரு சின்ன ஓட்டம் தனியாக ஆரம்பித்தது. ஒரே குழாய்தான் பாடுகிறது என்று தோன்றியது. அது முடிவதற்குள் அதே ஓட்டத்தை இன்னொன்று பிடித்துக்கொண்டது. பிறகு மூன்றாவது. முந்தினது நிற்கவில்லை, எல்லாம் சேர்ந்தே ஓடின. கரண்ட் போன அன்று நாங்கள் கேட்காமல் விட்ட பகுதி இதுதான் என்று புரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாய்கள் சேரச் சேரச் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. ‘கடைசியில ரொம்பப் பெருசா வரும்ணே.’ குமிழைக் கடைசிவரை திருப்பி விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கீழே ஆம்ப்ளிபயர் பக்கத்தில்தான் செயலாளர் நின்றிருந்தார். ‘அந்தக் குமிழைக் குறைங்க’ என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும். வாயைத் திறந்தேன். இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் வரவில்லை.

எல்லாக் குழாயும் ஒன்றாகத் திறந்தது. அந்த ஓட்டம் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்க, அதற்கு மேலே அந்தப் பழைய மெட்டு, அவர்கள் சாவுக்குப் பாடுகிற அதே மெட்டு, முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. ஹாரன் என் முகத்துக்கு ஒரு முழத்தில் இருந்தது. கிளை அதிர்ந்தது. காக்கைகள் எழும்பிப் பறந்தன. பயத்தோடு பயமாக, இப்படி ஒன்றை ஒரு மனிதன் உட்கார்ந்து யோசித்து எழுத முடியுமா என்றுதான் நினைத்தேன். அழுகையாக ஆரம்பித்த பாட்டை ஒரு சுரமும் மாற்றாமல் இந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாரே! முதல் வரி வந்தது, இரண்டாவது வரி, மூன்றாவது.

நான்காவது, அதாவது கடைசி வரிக்கு முன்னால் ஹாரனுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். உள்ளே சத்தத்தை எழுப்புகிற யூனிட் எரிந்து போய்விட்டது.

அப்படி ஒரு அமைதியை நான் எந்த விசேஷத்திலும் கேட்டதில்லை. பிள்ளைகள்கூட அழவில்லை. நான் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே இருந்து பார்த்தபோது முன் வரிசையில் டீச்சரின் கால் தெரிந்தது. மிதித்துக்கொண்டிருந்தது. சத்தம் நின்ற பிறகும் நிற்கவில்லை.

பிறகு எழுந்தார். யாரையும் பார்க்காமல் கோவிலுக்குள் போனார். உள்ளே மூடி திறக்கிற சத்தம், மிதிகட்டை கிறீச்சிடுகிற சத்தம். ஜன்னல் வழியாக அந்தக் கால் ஆர்மோனியத்தில் நான்காவது வரி வந்தது. துருத்தியின் ஓட்டை வழியாகக் காற்று சீறிக்கொண்டே இருந்தது. இருந்தாலும் வந்தது. மற்ற நாளாக இருந்தால் பந்தல் வரைக்கும் கேட்டிருக்காது. அந்தப் பெரிய சத்தம் எல்லார் காதையும் திறந்து வைத்திருந்ததால் ஒரு சுரம் விடாமல் கேட்டது.

அந்தப் பாட்டின் கடைசிச் சரணத்துக்கு எழுந்து நிற்பது அந்தச் சபையின் வழக்கமாம். எனக்கு அப்போது தெரியாது. முன் வரிசைப் பெரியவர்தான் முதலில் எழுந்தார், சேவலோடு. பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்தார்கள். செயலாளரும் நின்றார், கொஞ்சம் தாமதமாக.

வரி முடிந்தது. இரண்டு கணம் கழித்துச் செயலாளர் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“அண்ணே, இறங்குறீகளா, இல்ல அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கப் போறீகளா?”

பந்தலே சிரித்தது. சேவலும் கூவியது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

“தம்பி, எங்க அம்மாவப் புதைச்சப்ப இந்தப் பாட்டுத்தான் பாடுனோம். இதுக்குள்ள இவ்வளவு இருக்குன்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியல. பெட்டிய எதுக்கு விக்கணும்?”

“ஐயா, அந்தப் பெட்டி மூச்சு வாங்குறதக் கேட்டீகள்ல? அதப் பாக்க இந்தச் சுத்துவட்டாரத்துல ஆள் கிடையாது. ஆள் இருந்தா நான் ஏன் விக்கச் சொல்றேன்?”

டீச்சர் அப்போது கோவில் வாசலில் வந்து நின்றார்.

“நான் பாத்துத் தாரேன்.”

குரல் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். எனக்கே கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. பிறகு எல்லா முகமும் மேலே திரும்பியது.

“என்ன சொன்னீக?” என்றார் செயலாளர்.

“துருத்திய நான் பாத்துத் தாரேன்” என்று இன்னும் பலமாகச் சொன்னேன். மைக்கிலோ மைக் இல்லாமலோ ஒரு கூட்டத்துக்கு நான் பேசியது அதுதான், முதலும் கடைசியும்.

பந்தல் ஓரத்தில் நின்றிருந்த போதகர், “அப்ப பெட்டி இருக்கட்டும். ஏலத்த ஆரம்பிங்க” என்றார்.

முதலாளியிடம் செத்த யூனிட்டைக் கொண்டுபோய் வைத்தேன். கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே கடகடவென்றது. “அடக்கம் பண்ணிரு. பாட்டும் அதுக்கு ஏத்தாப்புலதான் போட்டிருக்க” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை.

துருத்தி அப்படியொன்றும் பெரிய வேலையாக இருக்கவில்லை. மடிப்பு மடிப்பாக ரப்பர்த் துணி விட்டுப்போயிருந்தது. ஒரு பழைய மழைக்கோட்டை வெட்டி, சைக்கிள் டியூப்புக்குப் போடுகிற சொலூஷன் தடவி ஒட்டினேன். இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. முதல் தடவை ஒட்டியது பிரிந்துகொண்டது. இரண்டாவது தடவை சணல் கட்டிக் காயவிட்டேன். கோவிலுக்குள் நாங்கள் இரண்டு பேரும், மணியடித்துக் கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளையும் மட்டும் இருந்தோம்.

“மிதிச்சுப் பாருங்கண்ணே, காத்து நிக்குதான்னு” என்றார் டீச்சர்.

ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு, கையாலேயே இரண்டு மிதிகட்டையையும் மாற்றி மாற்றி அழுத்தினேன். காற்று நின்றது. சீறல் இல்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மிதிக்கிற வேலை இல்லாமல் அவர் கால் சும்மா இருந்தது. நோட்டைத் திறக்காமலே வாசிக்க ஆரம்பித்தார். அந்தத் தொடக்கம்தான். நான் முதலில் தட்டு தேய்ந்துவிட்டது என்று நினைத்த அந்தத் தொடக்கம்.

இப்போது எழுபதுகள் முடியப் போகின்றன. டேப் ரிக்கார்டர் வந்துவிட்டது. கோவிலில் கைப்பெட்டியும் தபலாவும் வாங்கிவிட்டார்கள். கால் ஆர்மோனியமும் இருக்கிறது. மழைக்கோட்டுத் துணி இன்னும் பிரியவில்லை. டீச்சர் வீட்டில் ரிக்கார்டு பிளேயர் இல்லாததால் தட்டு எங்கள் கடையில்தான் இருக்கிறது. கூட்டம் இல்லாத மத்தியானங்களில் போடுவேன். வெற்றிலைக் கடைக்காரர், “பேய் வந்துருச்சு” என்பார், பிறகு அங்கேயே நின்று கேட்பார். ஊசியை வைத்தவுடன் என் கை தானாகக் குமிழுக்குப் போகிறது. பிடித்து மடியில் வைத்துக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் பொறுத்தால் தானாகக் கேட்க ஆரம்பிக்கிறது.